நீலம் எங்கே போனது? 17ஆம் இலக்கக் கிணற்றிலிருந்து ஒரு திறந்த மடல்

எங்கள் கரையோரக் கிராமத்தின் கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமாக்கவென்று கிணறுகளுக்குள் இரும்பு நனோ துணிக்கைகளை (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய இரும்புத் தூளை) செலுத்தும் பரீட்சார்த்தத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், அதற்கு ஆலோசனை சொல்லும் ஆய்வுக் குழுவினருக்கும்,

போன மாதம் பாடசாலை மண்டபத்தில் நீங்கள் வைத்த கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவள் நான். உங்கள் இளம் உத்தியோகத்தர் ஒருவர் கண்ணாடிக் குவளையில் நீலத் தண்ணீர் ஊற்றினார். ஒரு சின்னப் போத்தலைக் குலுக்கி, அதிலிருந்த கறுப்பு இரும்புக் குழம்பைக் கொஞ்சம் விட்டுக் கலக்கினார். சற்று நேரத்தில் நீலம் வெளிறித் தண்ணீர் தெளிந்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். 27 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கு ஒரு நல்ல செய்முறையைக் கண்டால் கை தானாக எழும்பிவிடும்.

என் பக்கத்தில் இருந்த மாமி வெங்காயத் தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தார். நகத்தில் மண் அப்படியே இருந்தது. அவர் எழும்பிக் கேட்டார்: "தம்பி, அந்த நீலம் எங்க போனது?"

உத்தியோகத்தர் சிரித்தார். "சுத்தமாகிட்டுது அம்மா" என்றார். திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

என்னை இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பதில். மாமி கேட்டதுதான் அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே விஞ்ஞானக் கேள்வி. அதற்குரிய பதிலை அவருக்கு நான் வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன். குவளையில் இருந்தது மயில்துத்தக் (செப்புச் சல்பேற்று) கரைசல் என்று உங்கள் உத்தியோகத்தரே சொன்னார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரும்பாணியை வைத்து வருடா வருடம் நான் காட்டியதும் அதுதான். இரும்பு தன் இலத்திரன்களைக் கொடுக்கும், நீலத்தில் இருக்கிற செம்பு அவற்றை வாங்கும். செம்பு ஆணியில் படியும், அது விட்ட இடத்துக்கு இரும்பு கரைந்து தண்ணீருக்குள் வரும். ஆக, நீலம் எங்கும் போகவில்லை. செம்பாகக் குவளையின் அடியில் கிடந்தது. தெளிந்ததாகத் தெரிந்த தண்ணீருக்குள் இரும்பு இருந்தது.

"அப்ப எங்கட கிணத்திலயும் மயில்துத்தமா கிடக்கு?" என்று மாமி கேட்டார். இல்லை மாமி என்றேன். அப்படியென்றால் என்ன கிடக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நீங்கள். சொல்லாமல் வைத்திருப்பவர்களும் நீங்கள்.

மூன்று தடவை எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுத்துப் போயிருக்கிறீர்கள். முதல் தடவை மாரியில், நாலு நாள் அடைமழை விட்டதற்கு அடுத்த நாள். கிணறு வாய்முட்ட நிறைந்து கிடந்தது, குனிந்து கையால் அள்ளலாம். வந்தவர் ஒரு சோடாப் போத்தலை அந்தத் தண்ணீரிலேயே அலசி, நிரப்பி, மூடிக்கொண்டு போனார். லேபலைக்கூடக் கிழிக்கவில்லை. இரண்டாம் தடவை ஆவணியில், கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசிய ஒரு மத்தியானம். அன்றைக்கு வந்தவர்கள் கையுறை போட்டிருந்தார்கள், ஐஸ் வைத்த பெட்டி கொண்டுவந்தார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. போகும்போது கிணற்றுக்கட்டில் சிவப்புப் பெயின்றால் 17 என்று எழுதிவிட்டுப் போனார்கள். மூன்றாம் தடவை வந்தவர்களுக்கு அந்த 17 எதற்கு என்று தெரியவில்லை. என்னிடம்தான் விசாரித்தார்கள்.

மூன்றுக்கும் முடிவு வரவில்லை. இங்கே கேட்டால் "மேலிடத்துக்குப் போயிருக்கு" என்பார்கள். மேலிடத்தில் கேட்டால் "அதெல்லாம் அனுப்பியாச்சே" என்பார்கள். இரண்டு மாரி பெய்தும் அந்தச் சிவப்பு இலக்கம் அழியவில்லை. எங்களுக்கு நீங்கள் எழுத்தில் தந்தது அது ஒன்றுதான்.

சரி, நீங்கள் சொல்லாததை ஊருக்குத் தெரிந்த அளவில் நான் சொல்கிறேன்.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி என்று வடக்கே போகும் இந்தக் கரை முழுக்க மணல். கிணறுகள் ஆழமில்லாதவை. மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கிறது. எங்கள் நன்னீர் என்பது அவ்வளவுதான். அதன் மேல் நாங்கள் சின்ன வெங்காயம் செய்கிறோம். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது என்பதால் ஓயாமல் இறைக்க வேண்டும். இறைத்த தண்ணீரோடு போட்ட யூரியாவும் நைத்திரேற்று என்ற உப்பாகிக் கீழே போய்விடும், ஆகவே மறுபடி போட வேண்டும். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது கோழி எருவும் மாட்டெருவும் அள்ளிக் கொட்டினோம். அதிலிருந்தும் வருவது அதே நைத்திரேற்றுத்தான். போதாததற்கு வீட்டுக்கு வீடு மலக்குழி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் எத்தனை அடி இருக்க வேண்டும் என்பதெல்லாம் பத்துப் பேர்ச் காணித்துண்டுக்குள் வீடு கட்டியவனுக்கு எடுபடாது. கடற்கரைப் பக்கம் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் வேறு வந்துவிட்டன. யாரையும் குற்றம் சொல்லவில்லை. நானும் அந்தக் கிணற்றுக்குப் பன்னிரண்டு எட்டுக்குள் குழி வைத்திருப்பவள்தான்.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. நாக்குக்கும் தெரியாது. எங்கள் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். ஊரில் ஒருவரும் அதைக் குறை சொன்னதில்லை. போன வருடம் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். பால் போதாமல் மாப்பால் கரைக்க வேண்டி வந்தது. வீட்டுக்கு வந்த மிட்வைஃப் அம்மா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, சுற்றியிருந்த வெங்காயப் பாத்திகளையும் பார்த்தார். "டீச்சர், இந்தத் தண்ணியில பிள்ளைக்குப் பால் கரைக்க வேண்டாம்" என்றார். இரண்டு வாரம் கழித்து வேறொரு உத்தியோகத்தர் வந்தார். கொதிக்க வைத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். அவர் சொன்னது கிருமிக்குச் சரி. நைத்திரேற்றுக்குப் பிழை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும், நைத்திரேற்று அப்படியே இருக்கும், செறிவு கூடும்.

பச்சைக் குழந்தையின் வயிற்றுக்குள் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் பொருளைக் கெடுத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று வரம்பு வைத்தது இதற்காகத்தான். எங்கள் நாட்டின் குடிநீர்த் தரத்திலும் அதே 50.

மருமகன் மீன் வளர்ப்பவர். தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் கடதாசிக் கீலங்கள் வைத்திருந்தார். ஒன்றை வாங்கி எங்கள் வாளிக்குள் தோய்த்து எடுத்தேன். ஒரு நிமிடத்தில் நுனிச் சதுரம் வெளிர் ரோஸாகி, பிறகு செம்பரத்தம் பூ நிறத்துக்குப் போனது. பெட்டியில் இருந்த நிற அட்டையில் அதுதான் கடைசிக் கட்டம், அதற்கு மேல் கட்டமில்லை. கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரிலும் தோய்த்துப் பார்த்தேன். அதே நிறம். மீன் தொட்டிக் கீலம் ஆய்வுகூட அறிக்கை ஆகாது என்பது எனக்கும் தெரியும், ஆகவே அதை வைத்து நான் இலக்கம் எதுவும் சொல்லவில்லை. சரியான இலக்கம் உங்கள் அலுமாரிக்குள் மூன்று தடவையாகக் கிடக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது இரும்புக்கு வருவோம்.

நான் இரும்புக்கு எதிரியில்லை. உங்கள் படங்களில் இல்லாத நல்ல பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன். 1980களில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஒரு விசயம் தட்டுப்பட்டது. நிலத்தடி நீரில் இருந்த குளோரின் கலந்த கரைப்பான்கள் (எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் திரவங்கள்), சில உலோகங்களோடு தொட்டுக்கொண்டிருந்தால் தாமாகவே குறைந்துகொண்டு போயின. றொபேட் கில்லம் என்ற பேராசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார். நிலத்தில் அகழி வெட்டி இரும்புத் துகள் நிரப்பினால் அழுக்குத் தண்ணீர் அதற்குள்ளால் தானாக ஓடி மறுபக்கம் சுத்தமாக வரும் என்ற வழி அதிலிருந்து பிறந்தது. 1996இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் சிற்றி என்ற இடத்தில் 46 மீற்றர் நீளத்துக்கு அப்படியொரு இரும்புச் சுவர் நிலத்துக்குள் இறக்கினார்கள். முலாம் பூசும் பட்டறையிலிருந்து ஊறிய குரோமியத்தை அது வருடக்கணக்காக மறித்து நின்றது. நஞ்சான குரோமியம் இரும்பிடம் இலத்திரன் வாங்கிக்கொண்டு, எளிதில் கரையாத வடிவமாக மாறி மண்ணோடு ஒட்டிவிடும்.

அப்புறம் வந்ததுதான் உங்கள் நனோ. 1997இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் வெய்ஷியான் சாங்கும் அவரோடு இருந்தவர்களும் இரும்பை மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் சின்னதாக ஆக்கினார்கள். ஒரு கிராம் எடுத்தால் அந்தத் துணிக்கைகளின் மேற்பரப்பெல்லாம் சேர்ந்து சின்ன வகுப்பறையின் தரையளவு வரும், ஏறக்குறைய 30 சதுர மீற்றர். மேற்பரப்புக் கூடினால் தாக்கமும் வேகமாக நடக்கும். சீவல் நெருப்பு டக்கென்று பிடிக்கும், மரக்குற்றி பிடிக்காது. அதே கணக்குத்தான். அகழி வெட்டத் தேவையில்லை, குழாய் வழியாகத் தண்ணீரோடு இறக்கிவிடலாம். நியூ ஜேர்சியில் நடந்த முதல் களச் சோதனையில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கிலோத் துணிக்கையைத்தான் விட்டார்கள். கரைப்பான் நன்றாகவே குறைந்தது. கெட்டிக்காரத்தனமான வேலை. மறுக்கவில்லை.

ஆனால் அங்கெல்லாம் கிடந்தது குளோரின் கரைப்பான், குரோமியம். எங்கள் கிணற்றில் கிடப்பது பெரும்பாலும் நைத்திரேற்று. நைத்திரேற்றுக்கு இந்த இரும்பைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது உங்கள் ஆய்வுக் குழுவுக்கு நன்றாகத் தெரியும். அது பெரும்பாலும் அமோனியமாக மாறும். வினையூக்கி உலோகம் சேர்த்து ஆய்வுகூடங்களில் ஒரு பகுதியை நைதரசன் வாயுவாக்கியிருக்கிறார்கள், ஆனால் வெறும் இரும்புக்கு அமோனியம்தான் வழக்கமான முடிவு. எங்கள் மணலோ காற்றோட்டமான மணல். ஆழமில்லாத தண்ணீரில் ஒட்சிசன் தாராளமாக இருக்கும். அந்த ஒட்சிசனை வைத்து மண்ணில் உள்ள பற்றீரியாக்கள் அமோனியத்தைத் திருப்பி நைத்திரேற்றாக்கும். வெங்காயத்துக்குப் போடும் யூரியா நைத்திரேற்றாகி எங்கள் கிணற்றுக்கு வந்து சேர்வதும் இதே பற்றீரியாக்களின் கைங்கரியம்தான். அதாவது முன்கதவால் அனுப்பியதை அவை பின்கதவால் கூட்டி வரும். மூன்று மாதத்தில் அளந்தால் "நைத்திரேற்றுக் குறைந்துவிட்டது" என்று நீங்கள் அறிக்கை எழுதலாம். அடுத்த போகத்தில் வந்து அளப்பீர்களா?

மாமி கேட்ட கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். நைத்திரேற்று எங்கே போனது? உங்கள் 34 படங்களில் ஒன்றிலும் அமோனியம் என்ற சொல் இல்லை. நான் எண்ணினேன்.

ஒட்சிசனில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரும்புக்கு எது நஞ்சு, எது நல்லது என்று தெரியாது. இலத்திரன் கேட்டவனுக்கெல்லாம் கொடுக்கும். காற்றோட்டமான தண்ணீரில் முதலில் கை நீட்டுவது ஒட்சிசன். நீங்கள் விலை கொடுத்து வாங்கும் துணிக்கை எங்கள் மணலில் பாதி வேலைக்கு முன்பே துருவாகிவிடும். காந்தத் தன்மையால் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், விட்ட இடத்திலிருந்து சில மீற்றருக்கு மேல் போவதே அபூர்வம். இதற்கெல்லாம் மேல்பூச்சு, மாப்பசை என்று பரிகாரம் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். துருவாகி முடிந்தது எங்கள் வாளிக்குள் மஞ்சளாக வரும், பீங்கானில் கறை பிடிக்கும், வேட்டி பழுப்பாகும். குடிநீரில் இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் நம் நாட்டுத் தரம்தான்.

கூட்டத்தில் ஒருவர் "புல்மோட்டையில இரும்பு மணல் குவிஞ்சு கிடக்கே, அதைக் கொட்டினா என்ன?" என்று கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. புல்மோட்டைக் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைற்றில் இரும்பு உண்டு, ஆனால் அது ஏற்கெனவே ஒட்சிசனோடு சேர்ந்த இரும்பு. கொடுக்க வேண்டிய இலத்திரனை எப்போதோ கொடுத்துவிட்டது. சம்பளம் முழுக்கச் செலவழித்தவனிடம் கடன் கேட்பது போல. இப்படி இரண்டு வரியில் சொன்னால் அவருக்கு விளங்கியிருக்கும். சொல்ல வேண்டியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

இன்னொன்று, சந்தியில் இருக்கும் அந்தப் பழைய வாகனத் திருத்துமிடம். அதன் பின்பக்கம் நாலைந்து வீட்டுக் கிணறுகளில் டீசல் மணக்கிறது. காலையில் வாளியை இறக்கினால் தண்ணீரின் மேல் வானவில் மாதிரி ஒரு தோல் மிதக்கும். அந்தக் கிணறுகளையும் இதே திட்டத்தில் சேர்த்திருக்கிறீர்கள். டீசலுக்கும் பெற்றோலில் இருக்கும் பென்சீனுக்கும் இரும்பிடம் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. அவை ஒட்சியேற்றப்பட்டு, அதாவது இலத்திரனை இழந்து, அழிய வேண்டியவை. இரும்போ அதற்கு நேர்மாறாக இலத்திரனைக் கொடுத்துத் தாழ்த்தும் பொருள். அங்கே இரும்பைக் கொட்டினால் இருக்கும் ஒட்சிசனையும் அது தின்றுவிடும், எண்ணெயைத் தின்னக்கூடிய பற்றீரியாவுக்கு மூச்சு முட்டும். ஒருவேளை அந்த இடத்தில் எஞ்சின் கழுவும் குளோரின் கரைப்பானும் ஊறியிருந்தால் கதை வேறு. அப்படியென்றால் இரும்புக்கு அங்கே உண்மையான வேலை உண்டு, முதல் ஆளாக நானே வந்து உதவுகிறேன். ஆனால் அது தெரிவதற்குச் சோதனை முடிவு வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

எல்லாவற்றையும் விட எனக்கு விளங்காதது, குடிகிணற்றுக்குள் ஏன் ஊற்றுகிறீர்கள் என்பது. நான் வாசித்த களச் சோதனைகளில் அழுக்கு ஊறும் இடத்தில் தனிக் குழாய் இறக்கினார்கள், சுற்றிவரக் கண்காணிப்புக் குழாய்கள் போட்டார்கள், மாதக்கணக்கில் அளந்தார்கள். 2004இல் இங்கிலாந்தின் றோயல் சொசைற்றியும் பொறியியல் அக்கடமியும் சேர்ந்து நனோ தொழில்நுட்பம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. நன்மை தீமையை விடக் கூட என்று ஆய்வு காட்டும் வரை, இப்படிக் கட்டில்லாத துணிக்கைகளை நிலத்தடி நீர் சுத்திகரிப்புக்கு விடக் கூடாது என்று அதில் பரிந்துரைத்தார்கள். அதற்குப் பிறகு எவ்வளவோ ஆய்வு நடந்திருக்கிறது, அந்தப் பயம் ஓரளவு குறைந்துமிருக்கிறது. ஆனாலும் அவர்கள் பயந்தது தொழிற்சாலைக் காணியின் அடியில் கிடக்கும் தண்ணீருக்கு. இங்கே நாங்கள் துலாவில் அள்ளிக் குடிக்கிற தண்ணீர்.

இரும்பை வைத்தே அடக்கமாகவும் வேலை செய்யலாம். பங்களாதேசத்தில் ஆசனிக் என்ற நஞ்சு கலந்த தண்ணீருக்காக அபுல் ஹுசாம் என்ற விஞ்ஞானி செய்த வடிகட்டி அப்படிப்பட்டது. வாளிக்குள் மணலும் இரும்புத் துகள் கலவையும். ஊற்றினால் கீழே குடிக்கக்கூடிய தண்ணீர் வரும். 2007இல் அதற்கு அமெரிக்காவில் 10 இலட்சம் டொலர் பரிசு கிடைத்தது. அந்த வாளி நைத்திரேற்றுக்கு உதவாது, ஆகவே எங்களுக்கு அதைத் தாருங்கள் என்று கேட்க வரவில்லை. பிழைத்தால் வாளியைத் தூக்கி எறியலாம், கிணற்றை எங்கே எறிவது?

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். கிணறுகளில் எண்ணெய் என்று சனம் வருடக்கணக்காகச் சொன்னது, அறிக்கைக்கு அறிக்கை முரண்பட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கே மின் நிலையம் நடத்திய நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. நட்டஈடு வருவதற்குள் எத்தனை கிணறுகளை மூடி வைத்திருந்தார்கள் என்று அங்கே சம்பந்தம் செய்த எங்கள் ஊர்க் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த வழியில் நாங்களும் போக வேண்டாம் என்பதற்காகத்தான் ஊற்றுவதற்கு முன்பே எழுதுகிறேன்.

கூட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. அதை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வைத்தீர்கள். எங்கள் கிராமத்தில் பாதிப் பேர் அந்நேரம் ஜும்மாவுக்குப் போயிருப்பார்கள் என்பது தெரியாமல் போகுமா? படங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, விளக்கம் சிங்களத்தில், இடையிடையே நாலு வசனம் தமிழில். கடைசியில் ஒரு தாள் சுற்றி வந்தது. வரவுப் பதிவு என்று சொல்லித்தான் ஒப்பம் வாங்கினீர்கள். அதன் தலைப்பில் "சம்மதம்" என்று பொருள்படும் ஒரு சொல் இருந்ததாகப் பிறகு என் பழைய மாணவன் ஒருவன் சொன்னான். அந்தத் தாளில் என் ஒப்பமும் இருக்கிறது. அதை இந்த மடலின் மூலம் மீளப் பெற்றுக்கொள்கிறேன். மாமியும் வேறு பதினொரு வீட்டாரும் தங்கள் ஒப்பத்தையும் மீளப் பெறுகிறார்கள். அவர்களின் கிணற்று இலக்கங்கள் உங்களுக்குத் தனியே அனுப்பப்படும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

இதுவரை எடுத்த ஒவ்வொரு மாதிரியின் முடிவையும், எடுத்த திகதியோடு, கிணற்று இலக்கத்தோடு, தமிழில், அந்தந்த வீட்டாரின் கையில் தாருங்கள். நைத்திரேற்று, நைத்திரைற்று, அமோனியம், இரும்பு, எண்ணெய், குளோரின் கரைப்பான் என்று எவை அளக்கப்பட்டன, எவை அளக்கப்படவில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். சோடாப் போத்தலில் எடுத்தது கணக்கில் சேராது, அந்தக் கிணறுகளில் கோடையில் ஒரு தடவையும் மாரியில் ஒரு தடவையும் ஒழுங்காக மறுபடி எடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் இதையே கேட்டு ஒரு விண்ணப்பமும் உங்கள் தகவல் அலுவலரிடம் கொடுத்திருக்கிறேன். அவருக்கு 14 வேலை நாட்கள் இருக்கின்றன.

முடிவுகள் எங்கள் கைக்கு வந்து, எந்தக் கிணற்றில் எந்த நஞ்சுக்காக இரும்பு என்று எழுத்தில் சொல்லும் வரை ஒரு கிணற்றிலும் ஒரு துளி விட வேண்டாம். நைத்திரேற்று மட்டும் உள்ள கிணறுகளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

திருத்துமிடத்தின் பின்னால் கரைப்பான் இருப்பது உறுதியானால் அங்கே செய்யுங்கள். குடிகிணற்றில் விடாமல், தனிக் குழாயில். கண்காணிப்புக் குழாய்களோடு, குறைந்தது இரண்டு மாரி கழியும் வரை அளந்து, அளவுகளைக் கிராம சேவகர் அலுவலகத்துப் பலகையில் ஒட்டுங்கள். டீசல் மட்டும்தான் என்றால் முதலில் அந்த இடத்தில் ஒழுகுவதை நிறுத்துங்கள். அதற்கு நனோ தேவையில்லை, ஒரு சீமெந்துத் தளமும் எண்ணெயைத் தடுத்துப் பிடிக்கும் ஒரு பொறியும் போதும்.

பச்சைக் குழந்தையும் கர்ப்பிணித் தாயும் உள்ள வீடுகளுக்கு இந்த மாதத்திலிருந்தே பவுசர் தண்ணீர் அனுப்புங்கள். கொதிக்க வைத்தால் சரி என்று சொல்ல வேண்டாம் என உங்கள் உத்தியோகத்தர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். நிரந்தரத் தீர்வுக்குக் குழாய் நீரை எங்கள் குறுக்கு வீதிகளுக்கும் நீட்ட எவ்வளவு காலம், இல்லாவிட்டால் சிறுநீரக நோய்ப் பிரதேசங்களில் வைத்திருப்பதுபோல் தண்ணீரை அழுத்திச் சவ்வால் வடிக்கும் ஓர் ஆர்.ஓ. இயந்திரம் எங்கே வைப்பது, அதன் கழிவு நீரை எங்கே விடுவது என்று ஒரு திகதியோடு பதில் தாருங்கள். துணிக்கை வாங்க ஒதுக்கிய பணத்தை அதற்குத் திருப்ப முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தைத் தமிழில் வையுங்கள். ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு வைத்தால் வெயில் தாழ்ந்திருக்கும், தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்துவிடுவார்கள். அந்த இளம் உத்தியோகத்தரையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். குவளையும் மயில்துத்தமும் நான் கொண்டு வருகிறேன். மாமி முன்வரிசையில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கிணறு இலக்கம் 17